தாங்குவேன் என்று மட்டும் சொன்ன பனி

அந்தக் காலத்தில் குதிரைக்கும் காக்கைக்கும் வாய் இருந்தது போலவே ஆற்றுக்கும் வாய் இருந்தது. ஆற்றின்மேல் உறையும் பனிக்கும் வாய் இருந்தது. மனிதர்கள் கேட்டால் அவை பதில் சொல்லும். குதிரை மட்டும் கேட்காமலே சொல்லும்.

ரஷ்யாவின் வடக்கே துவினா என்று ஓர் ஆறு. மேற்கேயிருந்து சுகோனாவும் தெற்கேயிருந்து யூக்கும் வந்து கைகோத்துக்கொள்ளும் இடத்தில் அது பிறக்கிறது. நம் ஆறுகள் பெரும்பாலும் சூரியன் எழும் திசையைப் பார்த்து ஓடுபவை. துவினா குளிரைப் பார்த்து ஓடுகிறது. காடு, சதுப்பு, மறுபடியும் காடு என்று வடக்கே போய்ப் போய் வெண்கடலில் விழுகிறது. அதனால் அதன் தூக்கமும் விழிப்பும் வேறு மாதிரி. வசந்தம் தெற்கேயிருந்து வருவதால் ஆற்றின் தலை முதலில் விழித்துக்கொள்ளும். கால் அப்போதும் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருக்கும். தலைமாட்டில் உருகிய வெள்ளம் கால்மாட்டில் இறுகிக் கிடக்கும் பனிக்கு அடியில் வந்து முட்டும். மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாக, குளிர்காலமாகவே இருக்கும்.

நோவ்கொரோத் நகரத்திலிருந்து படகுகளில் வந்தவர்கள் அந்தக் கரைகளில் காட்டைத் திருத்திக் குடியேறினார்கள். வீடும் மரம், கோயிலும் மரம். எல்லா ஜன்னலும் ஆற்றைப் பார்த்தே இருக்கும். அவர்களுக்குத் தெரு என்பது ஆறுதான். கோடையில் அங்கே இரவு இருட்டாது. சூரியன் காட்டுக்குப் பின்னால் ஒருமுறை குனிந்துவிட்டு நிமிர்ந்துகொள்ளும். அந்தச் சின்னக் கோடைக்குள் எதிர்க்கரைப் புல்வெளிக்குப் படகில் போய்ப் புல் அறுத்து, உலர்த்தி, போர் போராகக் குவித்துவிட்டு வருவார்கள். அவ்வளவு புல்லையும் படகில் ஏற்றிவர முடியாது. ஆறு உறையட்டும் என்று காத்திருப்பார்கள்.

இலையுதிர்காலம் முடியும்போது முதலில் ஆற்றின்மேல் கஞ்சிபோலப் பனி மிதக்கும். பிறகு தட்டுத் தட்டாகச் சேரும். ஒரு காலை எழுந்து பார்த்தால் கரைக்குக் கரை ஒரே பாளம். ஊரார் ஊசியிலை மரக்கன்றுகளை வெட்டிவந்து, பனியில் துளையிட்டு, வரிசையாக நட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். கன்றுகள் அப்படியே உறைந்து நிற்கும். புயலில் கண் தெரியாதபோது அந்தப் பச்சை வரிசைதான் சாலை. வசந்தம் வந்து கன்றுகளைப் பிடுங்கிவிட்டால் சாலை மூடியது என்று அர்த்தம்.

தினமும் முதலில் ஆற்றில் இறங்குபவர் குதிகாலால் பனியைத் தட்டி ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது அந்த ஊர் வழக்கம்.

"தாங்குவாயா?"

"தாங்குவேன்," என்று பனிப்பாளம் சொல்லும்.

அதற்கு வேறு பதில் தெரியாது. உப்பு மூட்டைகள் அதன்மேல் போயின. தார்ப் பீப்பாய்கள் போயின. மணியோசையுடன் கல்யாணச் சறுக்குவண்டிகள் போயின. பின்னாலேயே ஒருநாள் சவப்பெட்டியும் போயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். நடுக்குளிர்காலத்தில் அது மெய். ஆனால் தெற்கத்தி வெள்ளம் அடியில் ஏறி, வயிறு கரைந்து, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்த பிறகும் பனி அதையே சொன்னது. ஏமாற்றும் எண்ணம் இல்லை. இத்தனை காலம் தாங்கிவிட்டு, இனி முடியாது என்று சொல்ல அதற்கு நா எழவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒருநாள், நனைந்த துணி பிரிவதுபோல, சத்தமே இல்லாமல் பிளந்துகொள்ளும். ஆளும் வண்டியும் இருந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர் இருக்கும்.

"ஆறு விழுங்கிவிட்டது," என்று ஊர் சொல்லும். பனியை யாரும் குறை சொன்னதில்லை. அது வாக்குக் கொடுத்ததல்லவா?

அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவள் மார்ஃபா. கல்யாணத்தன்று வண்டியில் ஏற்றும்போது அவள் அம்மா காதோடு சொல்லியனுப்பியது ஒன்றுதான். "எது கேட்டாலும் முடியும்னு சொல்லு, கண்ணு. முடியாதுன்னு சொல்ற மருமகளை எந்த வீட்டுலயும் பிடிக்காது."

மார்ஃபா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் கணவன் யெஃபீம் மற்ற இளைஞர்களோடு வெண்கடலுக்குக் கடல்நாய் வேட்டைக்குப் போயிருந்தான்; ஆறு திறந்த பிறகுதான் வருவான். வீட்டில் அவனுடைய அண்ணன் சவ்வாத்தி, அண்ணி பெதோசியா, அவர்களுடைய சின்னக் குழந்தைகள். மாவு பிசைய முடியுமா, மார்ஃபா? முடியும். விறகு பிளக்க? முடியும். சின்னவன் ராத்திரியெல்லாம் இருமுகிறான், கொஞ்சம் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. பதில் எப்போதும் ஒன்றாகவே வந்ததால், கேள்வியை யோசித்துக் கேட்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். பெதோசியா அவளுக்கு "முடியும்" என்றே பேர் வைத்திருந்தாள். "ஏடி முடியும், இங்கே வா," என்பாள். மார்ஃபாவும் சிரித்துக்கொண்டே போவாள்.

காலையில் தோள்தடியில் இரண்டு வாளிகளை மாட்டிக்கொண்டு, பனியில் வெட்டிய தண்ணீர்த் துளைக்கு அவள்தான் போவாள். அவளுக்கென்று இருந்த நேரம் அது ஒன்றே. துளையோரம் குந்திப் பனியோடு பேசுவாள்.

"தூங்கினியா?"

"எங்கே தூங்குறது? விடிய விடிய உப்பு வண்டி," என்றது பனி.

"பாரமா இருந்துச்சா?"

"தாங்கினேன்."

துளைக்குள்ளிருந்து ஆறு முணுமுணுக்கும். பனி மூடிய பிறகு ஆற்றின் குரல் வேறெங்கும் வெளியே கேட்காது. "இவ தாங்குவா. பழி மட்டும் எனக்கு. தெற்கே உருகி வர்றதை நான் கையாலயா பிடிச்சு நிறுத்த முடியும்?"

"நீங்க ரெண்டு பேரும் ஓயவே மாட்டீங்களா?" என்று மார்ஃபா வாளியை முக்குவாள்.

ஒருநாள் அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பனியருகே குனிந்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதே. நான் முழுகாம இருக்கேன்."

"வீட்டுல சொல்லலியா?"

"சொன்னா எனக்கு வேலை கொடுக்க யோசிப்பாங்க. அப்புறம் வேலையை யார் செய்வா?"

"அது சரி," என்றது பனி. அதற்கு அது நியாயமாகவே பட்டது.

அந்த வருடம் குளிர்காலம் விருந்தாளிபோல வந்து வீட்டுக்காரன்போலத் தங்கிவிட்டது. வீட்டில் இருந்த புல் தீர்ந்தது. கூரையில் வேய்ந்திருந்த வைக்கோலைப் பிடுங்கி வெந்நீரில் ஊறவைத்துப் பசுவுக்குப் போட்டார்கள், அதுவும் தீர்ந்தது. செவலைப் பசுவுக்கு நிற்கச் சக்தி இல்லை. படுத்துவிட்டால் எழாது என்பதால் அதன் வயிற்றுக்கு அடியில் கயிறு கொடுத்து உத்தரத்தில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பசுவின் பால்தான் குழந்தைகளுக்குச் சாப்பாடு. எதிர்க்கரையில் இவர்களுடைய கடைசிப் புற்போர் ஒன்று வெண்பனித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது.

தெற்கேயிருந்து காக்கைகள் வந்து இறங்கின. "ஆத்தோட தலைமாட்டுல மண் தெரிஞ்சாச்சு," என்றது ஒரு காக்கை, வேலியில் உட்கார்ந்து.

"நாளைக்குச் சாலைக் கன்றுகளைப் பிடுங்கிடப் போறாங்களாம்," என்றான் சவ்வாத்தி. "இன்னைக்கு விட்டா அந்தப் போர் வெள்ளத்தோட போயிடும். போர் போனா பசு போயிடும்."

பெதோசியா பசுவை விட்டு நகர முடியாது, குழந்தைகள் வேறு. புல்லை அடுக்க இன்னொரு ஆள் வேண்டும். சவ்வாத்தி திரும்பினான்.

"வர முடியுமா, மார்ஃபா?"

"முடியும், அத்தான்."

கரையில் அவன் குதிகாலால் தட்டினான். "தாங்குவாயா?"

"தாங்குவேன்."

"எனக்கென்னமோ சரியாப் படல," என்றது குதிரை.

"உனக்கு என்னைக்குச் சரியாப் பட்டிருக்கு? போன வருஷம் பொம்மை வண்டியையே இழுக்க மாட்டேன்னவன் நீ."

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. எதிர்க்கரையில் போரைப் பிரித்தபோது உள்ளேயிருந்து கோடை வாசம் எழுந்தது. மார்ஃபா ஒரு கணம் கவைக்கோலை ஊன்றி நின்றுவிட்டாள். இந்தப் புல்லை அறுத்த நாளில்தான் யெஃபீம் அவள் கூந்தலில் சிக்கிய விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். வயிற்றுக்குள் ஏதோ லேசாகப் புரண்டது. முதல்தடவை. சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

"அண்ணே, ரெண்டா பிரிச்சு ஏத்துங்க," என்றது குதிரை, ஏற ஏற உயரும் பாரத்தைத் திரும்பிப் பார்த்து.

"நீ குதிரையா, கணக்கப்பிள்ளையா? ரெண்டாவது நடை கிடையாது. எல்லாம் இப்பவே."

எல்லாம் என்றால் எல்லாம். பெரிய வண்டி நிறைந்த பிறகும் மிஞ்சியதை, பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்த சறுக்குக் கைவண்டியில் ஏற்றி, அதன் கயிற்றை மார்ஃபா மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டாள். "முடியுமா?" என்றான் சவ்வாத்தி, ஏற்கெனவே குதிரையைத் தட்டிவிட்டபடி. பதிலுக்கு அவன் நிற்கவில்லை. பதில்தான் தெரியுமே.

பச்சை வரிசையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வானம் பால்போல வெளுத்திருந்தது. அவள் சொந்த மூச்சையும் கைவண்டி கீறும் ஒலியையும் தவிர வேறு சத்தம் இல்லை. நடு ஆற்றுக்கு வந்தபோது கம்பளிப் பூட்ஸுக்குள் ஈரம் ஏறுவதை உணர்ந்தாள். குனிந்து பார்த்தாள். காற்று அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தது. பாளம் கண்ணாடிபோலத் தெரிந்தது. அதற்கடியில் கறுப்புத் தண்ணீர், அவள் தினமும் மொள்ளும் தண்ணீர் அல்ல, வேகமாக, இலைச் சருகுகளையும் தெற்கத்தி மண்ணையும் சுமந்துகொண்டு ஓடியது. பாளத்தின் வயிற்றில் நரம்புகள்போல வெள்ளைக் கோடுகள் ஓடின.

அவள் அடிவயிற்றில் ஒரு வலி சுண்டி இழுத்தது. கயிறு மார்பை அறுத்தது. நின்றாள்.

"முடியுதா?" என்று முன்னாலிருந்து சவ்வாத்தி கத்தினான், திரும்பாமலே.

முடியும் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூச்சு வாங்கத்தான் நின்றாள். காலடியில் அந்த வெள்ளைக் கோடுகள் நீண்டுகொண்டே போவதைப் பார்த்தாள். தாங்குவாயா என்று பனியைக் கேட்டால் என்ன சொல்லும் என்று தெரியும். அதனால் வேறு ஒன்று கேட்டாள்.

"வலிக்குதா?"

 பனி பிறந்த நாள் முதல் யாரும் அதை அப்படிக் கேட்டதில்லை. எத்தனையோ வருடத்துப் பனிகள் உறைந்து உருகிப் போன அந்த ஆற்றில், எந்தப் பனியையும் யாரும் கேட்டதில்லை. பதில் எங்கே இருக்கிறதென்றே அதற்குத் தெரியவில்லை.

"எனக்கு வலிக்குது," என்றாள் மார்ஃபா மெதுவாக. பிறகு தலைக்குமேல் கயிற்றைக் கழற்றிக் கீழே போட்டாள். நிமிர்ந்து, ஆறு முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

"அத்தான்! என்னால முடியல!"

சவ்வாத்தி திரும்பினான். புரியாதவன்போலப் பார்த்தான். "என்னது?"

"முடியல. வயித்துல பிள்ளை இருக்கு. என்னால இழுக்க முடியல."

அவள் சொல்லி முடிக்கவில்லை. கரைக்குக் கரை, அடிவயிற்றிலிருந்து கிளம்பியதுபோல ஒரு முனகல் எழுந்தது. முதலில் தாழ்வாக, மாடு ஈனும்போது விடும் குரல்போல. பிறகு இடிபோல. காட்டிலிருந்த காக்கைகள் எல்லாம் ஒரே வீச்சில் மேலே எழுந்தன.

"எனக்கும் முடியல!" என்றது பனி. "எனக்கும் முடியல, மார்ஃபா! எத்தனையோ நாளா முடியல!"

தூரத்தில் ஓர் ஊசியிலைக் கன்று மெல்லச் சாய்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றது குதிரை.

சவ்வாத்தி இடுப்புக் கத்தியால் வார்களை அறுத்தான். பாரத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மார்ஃபாவைத் தூக்கிக் குதிரைமேல் உட்காரவைத்துப் பிடரியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். "தாயே, கொஞ்சம்," என்று மூச்சுக்கு மூச்சு வேண்டினான், ஆற்றையா பனியையா என்று அவனுக்கே தெரியாமல்.

"ஓடுங்க," என்றது பனி. "முடியலன்னு சொன்ன பிறகு கொஞ்சம் லேசா இருக்கு. நீங்க கரையேறுற வரைக்கும் பிடிச்சுக்கிறேன். அதுக்கு மேல கேட்காதீங்க."

பிடித்துக்கொண்டது. முனகிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டே பிடித்துக்கொண்டது. குதிரையின் பின்னங்கால் கரை மண்ணில் பட்டதும் பனி பெரியதாக ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சில் ஆறு திறந்தது. பாளங்கள் வெடித்து, புரண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு புறப்பட்டன. அதற்கு முன் எந்த வசந்தத்திலும் கேட்டிராத அந்த முழக்கத்துக்கு ஊரே ஓடிவந்தது. ஆற்றில் இருந்த மற்றவர்களும் முதல் முனகலைக் கேட்டதுமே திரும்பியிருந்தார்கள். வலையை அப்படியே விட்டுவிட்டு வந்த மீனவர்கள், பாதிவழியில் வண்டியைத் திருப்பிய உப்பு வணிகன், துணி அலசப் போன பெண்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கூப்பிட்ட எல்லாப் பெயருக்கும் கரையிலிருந்தே பதில் வந்தது. அந்த ஊரில் அழுகை இல்லாமல் பிறந்த முதல் வசந்தம் அது.

அழுதது பெதோசியா மட்டும்தான். "ஏடி, வாயைத் திறந்து சொன்னா என்ன? நான் என்ன பேயா? தண்ணி வாளியைத் தூக்கவிட்டேனே, மூட்டையைத் தூக்கவிட்டேனே!" என்று மார்ஃபாவின் முதுகில் ஓர் அடி வைத்தாள், அதே கையால் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "அழாதீங்க அக்கா," என்றாள் மார்ஃபா. "நீங்க கேட்டீங்க. நான்தான் எப்பவும் ஒரே பதில் சொன்னேன்."

"நாங்க கேட்டது ஒரு கேள்வியா?" என்றான் சவ்வாத்தி.  தரையில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டினான்.

ஆனால் மாட்டுக்கொட்டிலில் பசு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் போட ஒரு பிடிப் புல்கூட இல்லை.

வடக்கே, கீழே, ஆற்றின் கால் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. போன பாளங்கள் எல்லாம் அங்கே போய் முட்டின. போக வழியில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பின்னால் வந்தவை கரைமேல் ஒதுங்கின. பொழுது சாயும் முன், ஊருக்குக் கீழே ஆறு வளையும் இடத்தில், ஒரு பெரிய பாளம் மெல்ல நகர்ந்து வந்து சரளைக்கல்மேல் ஏறி நின்றது. அதன்மேல் புல் ஏற்றிய வண்டி நின்றது. ஒரு பக்கம் நனைந்திருந்தது, கொஞ்சம் சரிந்திருந்தது. கைவண்டியைக் காணவில்லை.

"இதைக் கொண்டுவந்தது நான்," என்றது ஆறு. மூடி விலகியதால் அதன் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. "இந்த வருஷம் யாரும் என்னைத் திட்டல. அதுக்காக. போங்க, பசுவுக்குப் போடுங்க."

குதிரை முதல் வாய்ப் புல்லைத் தானே எடுத்துக்கொண்டது. அதை அன்று யாரும் கேட்கவில்லை. பசு இரண்டு நாள் கழித்துத் தன் காலில் நின்றது.

ஆறு நன்றாகத் திறந்த பிறகு யெஃபீம் படகில் வந்து இறங்கினான். கரையில் மார்ஃபா கையில் ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் வெறுங்கையோடு நிற்பதை அவன் அதற்குமுன் பார்த்ததே இல்லை. பயந்துபோய், "என்ன ஆச்சு?" என்றான். அவள் சொன்னாள்.

அடுத்த குளிர்காலத்தில் புதிய பனி உறைந்தது. முதல் நாள் தண்ணீர்த் துளைக்குப் போன பெண், ஒரு பாதத்தைப் பனியில் வைத்து, தாங்குவாயா என்று கேட்கவில்லை. "எப்படி இருக்கே?" என்று கேட்டாள். அது பெதோசியா. மார்ஃபா வீட்டுக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு காலம் வெகுதூரம் வந்துவிட்டது. குதிரைகள் பேச்சை விட்டுவிட்டன. காக்கைகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கின்றன. ஆறு சொல்வது யாருக்கும் புரிவதில்லை. பனி மட்டும், முடியல என்று சொல்லக் கற்ற அந்த ஒன்றை மறக்கவில்லை. வசந்தத்தில் அந்த முதல் முனகல் கேட்டதும், மாவு பிசைகிற கை மாவை விடுகிறது, துணி துவைக்கிற கை துணியை விடுகிறது. அன்று எந்தப் பெண்ணிடமும் எதையும் செய்ய முடியுமா என்று கேட்பதில்லை. எல்லோரும் கரைக்கு வந்து நின்று, அது சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார்கள்.

அன்று முதல்தான் துவினாவின் பனி, உடையும் முன்னே வாய்விட்டு முனகுகிறது. அதைக் கேட்டவர்கள் கரையேறி வீடு திரும்புகிறார்கள்.